பால்குடத்துக்கு ஒரு மயில் மூடி

சிலிகி சாலை வளைவில் என் நாத்தனார் ருக்மணி நடையை நிறுத்தினாள். தலையில் பால்குடம். இரண்டு கையும் குடத்தைப் பிடித்திருந்ததால் அவளால் முகத்தைத் துடைக்க முடியவில்லை.

"அண்ணி, நெத்தியில என்னமோ வழவழன்னு வடியுது. மழைத் தண்ணி மாதிரி இல்ல. என்னன்னு பாருங்க" என்றாள்.

தைப்பூசத்தன்று காலை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் மஞ்சள் சேலைகள், பால்குடங்கள், உறுமிச் சத்தம். நான் அவள் நெற்றியை விரலால் தொட்டேன். விரலைப் பிரித்தபோது நடுவே மெல்லியதாக ஓர் இழை நீண்டது. கஞ்சி மாதிரி இருந்தது, ஆனால் கஞ்சி இல்லை.

அது என்னவென்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் பொங்கோல் வட்டாரத்தில் அந்த வழவழப்பை என்னைவிட அதிகமாகத் தொட்டவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கதையைச் சட்டை ஃபேக்டரியில் தைத்த காலத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஓர் அம்மா தேக்கா மார்க்கெட்டில் என்னை அடையாளம் கண்டு, "இப்ப என்னக்கா தைக்கிறீங்க?" என்று கேட்டார். கையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இங்கே சொல்கிறேன்.

துணி இல்லாத தையல்

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். நான் எழுதுவது கோழி கிளறியது போல இருக்கும். பத்திரிகைக்காரர்கள் பொறுமையாகத் திருத்திப் போடுகிறார்கள். ஆனால் ஊசியும் நூலும் என்றால் எனக்கு யாரும் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் எம்பிராய்டரி மெஷின் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மெஷினைப் பிறகு என் சொந்தக் காசில் வாங்கினேன். மகன் வாங்கித் தந்தது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் திருத்துவேன்.

சின்னத் திரையில் படம் வரும். பூ வேண்டுமென்றால் பூவைத் தொட வேண்டும், அவ்வளவுதான். படிப்பு வேண்டாம், கண் வேண்டும்.

அங்கே சொல்லிக்கொடுத்த சீன அம்மாவை எல்லோரும் மிஸ் லிம் என்போம். ஒரு நாள் அவர் ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். முழுக்க லேஸ். அடியில் துணியே இல்லை. நூல், வெறும் நூல், தன்னந்தனியாக நட்சத்திரமாக நின்றது. துணி இல்லாமல் எதன்மேல் தைத்தார்கள் என்று புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

விஷயம் தாளில் இருக்கிறது. தண்ணீரில் கரைகிற ஒரு தாள், பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அதை வளையத்தில் இறுக்கமாக மாட்ட வேண்டும். தட்டினால் தவில் தோல் மாதிரிச் சத்தம் வர வேண்டும். அதன்மேல் மெஷின் முதலில் ஒரு வலை பின்னும். பிறகு அந்த வலையைப் பிடித்துக்கொண்டு மற்றத் தையல் எல்லாம் ஏறும். நூலுக்கு நூல்தான் பிடிமானம். நடுவில் நூல் அறுந்து, கவனிக்காமல் விட்டுவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. தண்ணீரில் போட்டதும் பல்லிளித்துவிடும்.

இன்னொன்று. சாதாரண எம்பிராய்டரிக்கு அடியில் பாபின் உருளையில் வெள்ளை நூல் போடுவோம், பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று. இதில் பின்பக்கம் என்ற ஒன்றே கிடையாது. மேலே என்ன நிறமோ அடியிலும் அதே நிறம்.

தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் தாள் கரைந்து கொழகொழவென்று வரும். அப்போது மிஸ் லிம் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கதைக்கே வேர். "ஆன்ட்டி, எல்லாத்தையும் கழுவாதே. கொஞ்சம் உள்ளே விடு. காய்ந்ததும் அதுதான் நிற்க வைக்கும்" என்றார். அவர் சொன்னது இங்கிலீஷில். கையைக் காட்டிச் சொன்னதால் எனக்குப் புரிந்தது.

கொஞ்சம் விட்டால் கொஞ்சம் நிற்கும். நான் நிறையவே விட்டேன். என் நட்சத்திரம், என் பட்டாம்பூச்சி, என் தீபாவளி விளக்கு எல்லாம் தகட்டில் வெட்டினது போல நின்றன. வகுப்பில் மற்றவர்களுடையது கொஞ்ச நாளில் தலை சாய்ந்தபோது என்னுடையது அசையவில்லை. எதிர் வீட்டுச் சீன அம்மாவுக்குச் சிவப்பு மீன், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு நோன்புப் பெருநாளுக்கு, ஓலையில் பின்னிய சோற்றுப் பொட்டலம் மாதிரிப் பச்சைக் கெத்துப்பாட். எங்கள் மாடி வராந்தாவில் நடந்தால் கதவுக்குக் கதவு என் கைவேலைதான் தொங்கும். அதில் எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

ருக்குவின் வேண்டுதல்

அந்தத் தைப்பூசத்துக்கு முந்தின வருஷம், கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரரின் கையிலிருந்து கோப்பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் அவருடையதாக இல்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "இரு" என்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் இரு, டிவியை அணைக்கச் சொன்னாலும் இரு. அந்த ஒன்றை வைத்து எல்லாவற்றையும் நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள ருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் தனி ஆள். புருஷன் போய் வெகுகாலம். எனக்கும் அவளுக்கும் நாற்பது வருஷத்துக்கு மேலான பழக்கம், நாற்பது வருஷத்துச் சண்டை. ரசத்துக்குப் புளி ஊறப்போடும் அளவில்கூட ஒத்துப்போனதில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே அவள், அண்ணன் எழுந்து நடக்க வேண்டும் என்று முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டாள். மூட்டுவலிக்காரி. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாலே மஞ்சள் தைலம் தேடுவாள். நடந்துவிடுவேன் என்றாள்.

"நீங்களும் ஒண்ணு வேண்டிக்கலாம்ல அண்ணி?"

நான் வேண்டவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவளுக்கும் தெரியும். தெரிந்தே கேட்டாள்.

"அண்ணிக்கு மெஷின்தான் சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அது எனக்குச் சுட்டது. வாயால் வேண்டத்தான் வராதே தவிர, கையால் ஒன்று செய்ய முடியாதா? அவள் குடத்துக்கு ஒரு மூடி செய்வது என்று முடிவு செய்தேன்.

பால்குடத்தின் வாயில் எல்லோரும் மஞ்சள் துணி கட்டுவார்கள். நான் லேஸில் ஒரு மயில் செய்தேன். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. அவ்வளவு பெரியது என் வளையத்துக்குள் அடங்காது. அதனால் தோகையை இறகு இறகாகத் தனித்தனியே தைத்து, உடம்பைத் தனியே தைத்து, எல்லாவற்றையும் அதே நூலால் இணைத்தேன். நீலம், பச்சை, கண்ணுக்கு மட்டும் பொன் நிறம். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் இறகு முடிந்து வளையத்தைக் கழற்றினால் இடது கையை நீட்டுவார். கொடுப்பேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்.

கழுவும்போது வழக்கம்போல நிறைய உள்ளே விட்டேன். காய்ந்ததும் மயில் விறைத்து நின்றது. குடத்தின் வாயில் வைத்தால் கிரீடம்.

ருக்கு சுற்றிவந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. "இதுக்கு மேல மஞ்சத் துணியைக் கட்டிடலாம்" என்றும் சொன்னாள்.

"துணியைக் கட்டினா மயிலை யாரு பாப்பா?"

"முருகன் பாப்பான். அவனோட மயிலுதானே."

"எல்லாரும் பாக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றேன். துணி வேண்டாம், மூடியையே குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிற்றால் கட்டிவிடலாம் என்று நான் அடித்துச் சொன்னேன். மூடி என்னுடையது என்பதால் அவள் விட்டுக்கொடுத்தாள்.

தைப்பூசத்தன்று காலை, ஊர்வலம் கிளம்பும் சிராங்கூன் சாலைக் கோயிலில் குடத்தில் பால் ஊற்றும் இடத்திலிருந்தே ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது என்று நான்கு பேராவது கேட்டார்கள். நான் அவள் பக்கத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு, குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக, தலை நிமிர்ந்து நடந்தேன்.

செல்வி

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். செல்வி. இதயத்தில் ஓட்டை என்றார்கள். அந்தக் காலத்தில் அவர் அவளுக்காகக் காவடி எடுத்தார், நான் பால்குடம் எடுத்தேன். இரண்டு தைப்பூசம். இரண்டு முறையும் வீட்டுக்கு வரும்போது, பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தை என் பாதத்தைத் தொட்டு, "அம்மா, சூடு" என்று கையை உதறிக்கொள்வாள். அவளுக்கு அது விளையாட்டு.

மூன்றாவது தைப்பூசம் வரும் வரை அவள் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகாமல் இல்லை. போவேன், கும்பிடுவேன், திருநீறு பூசிக்கொள்வேன். ஆனால் எதுவும் கேட்பதில்லை. மகன் பிறந்தபோதும் கேட்கவில்லை, அவன் பரீட்சை எழுதியபோதும் கேட்கவில்லை.

அவர் மட்டும் காவடியை விடவில்லை. எனக்கு அது கோபம். "எதுக்கு இன்னும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "கேக்கப் போகல. பாக்கப் போறேன்" என்றார். அதன் பிறகு நான் கேட்டதில்லை.

வருஷா வருஷம் அவர் காவடி இறக்கிவிட்டு வீடு வந்து சேரும்போது நான் வாசலில் நிற்பேன். மஞ்சள் கரைத்த தண்ணீரை அவர் காலில் ஊற்றிக் கழுவுவேன். காவடி எடுத்தவர் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். பாதம் சுடும். எனக்குக் குழந்தையின் ஞாபகம் வரும். அவருக்கும் வந்திருக்கும்.

முட்டி தேய்ந்து அவர் காவடியை நிறுத்திய பிறகு அந்த வழக்கமும் நின்றது.

மரத்தடி

சிலிகி சாலைக்கு வருகிறேன்.

"வழியில நிக்காதீங்கம்மா, பின்னாடி ஆளு வராங்க" என்று தொண்டூழியர் ஒருவர் எங்களை நகர்த்தினார். மெதுவாக நடந்து டோபி காட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினோம். ருக்குவின் தலையிலிருந்து குடத்தை நான் இறக்கினேன்.

மயில் விறைப்பெல்லாம் போய்த் துவண்டு கிடந்தது. மேலே தூறல், கீழே நடைக்கு நடை துள்ளிய பால், இரண்டுமாகச் சேர்ந்து ஊறவைத்துவிட்டன. கயிற்றை அவிழ்த்து மூடியை எடுத்தேன். பாலின் மேல் மெல்லியதாக ஏதோ படர்ந்திருந்தது. பாலாடை என்று ஒரு நொடி நினைத்தேன். பச்சைப் பாலில் ஏது ஆடை?

"என் மூடிதான் ருக்கு. தாள் கரைஞ்சு பாலில இறங்கிடுச்சு."

அவள் குடத்துக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டிக்குக் கீழே அவள் கால் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

எங்களைப் போலவே பால்குடத்தோடு இளைப்பாறிய ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது லா. கொஞ்சூண்டுதானே. ஊத்திடுங்க, சாமிக்குத் தெரியாததா?"

"சாமிக்குத் தெரியும்ங்கிறதாலதான் ஊத்தக்கூடாது" என்றேன்.

அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஊற்றக்கூடாது, சரி. அடுத்து? கிளம்பின கோயிலுக்கே திரும்பிப் போய்ப் புதுப் பால் எடுத்து மறுபடி நடக்க வேண்டும். ருக்குவால் முடியாது. அவளைக் கேட்கவே வேண்டாம். இந்த ஒரு நடைக்காக எத்தனை நாள் விரதம் இருந்தாள், எத்தனை நாள் முட்டிக்குத் தைலம் போட்டுத் தயார் செய்தாள் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். அவள் அண்ணனுக்காக வைத்த வேண்டுதல், என் பெருமையினால் நடுத்தெருவில் நின்றது.

"நான் நடந்ததை முருகன் பாத்துட்டான். பாலுதான் போய்ச் சேரல. பாலை நீங்க கொண்டாங்க அண்ணி" என்றாள் ருக்கு.

"நான் விரதம் இல்ல."

"ஒரே அடுப்புலதானே சமைச்சோம்? எனக்கு ஆக்கினதைத்தானே நீங்களும் தின்னீங்க? இத்தனை நாளா கவிச்சி வாசமே வீட்டுல இல்ல."

"காலையில காப்பி குடிச்சேன்."

"காப்பிக்கெல்லாம் முருகன் கோவிச்சுக்க மாட்டான். காவடி எடுத்தன்னைக்கு அண்ணன் குடிக்காத காப்பியா?"

ஒரு காரணம் மிச்சம் இருந்தது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாலை மரத்தின் வேரில் ஊற்றினேன். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது ருக்கு இடுப்பில் செருகியிருந்த ஏதோ ஒன்றை உருவி என் கையில் வைத்தாள். மஞ்சள் துணி. நான்காக மடித்தது, காலையிலிருந்து அவளிடமே இருந்திருக்கிறது.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். மிச்சத் தூரத்தைக் குடமில்லாமல் நடந்துபோய், ஊர்வலம் முடியும் டேங்க் ரோட்டு முருகன் கோயிலில் நிற்பதாகச் சொன்னாள். நொண்டிக்கொண்டு போனாள். ஒரு கையில் என் செருப்பு, ஒரு கையில் என் குடை.

ஊதா நிற ரயில்

வெறுங்காலோடு எம்ஆர்டி ரயிலில் ஏறியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ரயிலின் தரை அப்படிக் குளிர்ந்தது. மடியில் காலிக் குடம், குடத்துக்குள் துவண்ட மயில். ஒரு சீனத் தாத்தா எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்தேன்.

அந்த ஊதா நிறத் தடத்து ரயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். டோபி காட்டில் ஏறினால் அடுத்தது லிட்டில் இந்தியா, அதற்கடுத்தது ஃபேரர் பார்க். காலையில் கிளம்பின கோயிலுக்கு அங்கே இறங்க வேண்டும். இறங்காமல் உட்கார்ந்தே இருந்தால் அதே ரயில் கடைசியில் பொங்கோல் போய்விடும். என் வீடு.

உட்கார்ந்தே இருந்துவிடலாமா என்று தோன்றியது. ருக்குவுக்கு ஃபோன் போட்டு, தலை சுற்றுகிறது என்று சொன்னால் நம்புவாள். இந்த வயதில் வெறுங்காலோடு ஏன் நடக்கவில்லை என்று எந்த மனுஷனும் கேட்க மாட்டான். நடந்தால், நடந்து முடித்தால், முருகன் முன்னால் போய்க் குடத்தோடு நிற்க வேண்டும். குடத்தோடு நிற்பவள் கேட்காமல் நிற்க முடியாது. கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தைப்பூசம் கேட்டுப் பார்த்தவள் நான்.

லிட்டில் இந்தியாவில் கதவு திறந்து மூடியது. உள்ளே வந்தவர்களிடமிருந்து ஈரமும் மல்லிகையும் சேர்ந்து மணத்தது.

ஃபேரர் பார்க் என்று அறிவித்ததும் அந்தச் சீனத் தாத்தா என் குடத்தைத் தொட்டு, வெளியே கையைக் காட்டினார். இவள் எங்கே இறங்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தைப்பூசத்தன்று குடத்தோடு இருப்பவள் வேறு எங்கே இறங்குவாள்? எழுந்து இறங்கினேன்.

சும்மாடு

கோயில் குழாயடியில் குடத்தைத் தேய்த்துக் கழுவினேன். மயிலையும் கழுவினேன். இந்த முறை ஒன்றையும் உள்ளே விடவில்லை. பிழிந்து, அலசி, மறுபடி பிழிந்து, விரலுக்கிடையில் வழவழப்பு நிற்கும் வரை அலசினேன். விறைப்பு முழுவதும் போனதும் அது பழஞ்சேலை மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பால் ஊற்றுகிற இடத்தில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "காலையில மயில் மூடியோட வந்தீங்கல்ல? இப்ப எங்கம்மா மயிலு?"

"வேற வேலைக்குப் போட்டிருக்கேன்" என்றேன்.

குடத்தின் வாயில் ருக்குவின் மஞ்சள் துணியைக் கட்டினேன். மயிலை மடித்துச் சும்மாடாக உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் குடத்தை ஏற்றினேன். நடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயிரம் குடத்தில் அதுவும் ஒரு குடம்.

மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. மழைக்குப் பிந்தின வெயில் பொல்லாதது. தார் காய்ந்ததும் பாதத்தைப் பிடித்தது. சிராங்கூன் சாலை நெடுக நகைக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தண்ணீர்ப் பந்தலில் மோர் நீட்டினார்கள். வாங்கக் கை இல்லை. ஓர் அம்மா வாயிலேயே ஊற்றிவிட்டார். சும்மாட்டிலிருந்து ஈரம் கசிந்து காதோரமாக இறங்கி உதட்டோரம் வந்தது. அடிக்கடி நாக்கால் தொட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான்.

சிலிகி சாலை வளைவு வந்தது. டோபி காட் மரம் வந்தது. வேரடியில் பால் ஊற்றின சுவடு எதுவும் இல்லை. பினாங்கு சாலையில் திரும்பியபோது என் கால் என்னைக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நடந்த அதே வழி. "அம்மா, சூடு" என்று காதருகில் கேட்டது. நான் நிற்கவில்லை.

கோயில் வாசலில் ருக்கு நின்றாள். என் செருப்பை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். கீழே வைத்தால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாம். கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு பேரும் உள்ளே போனோம். குடத்தை வாங்கி மஞ்சள் துணியை அவிழ்த்தார்கள். பால் வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றும் படராமல் இருந்தது. வேல் மேல் இறங்கியது.

கேட்க வேண்டிய நேரம். வாய் திறக்கவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"ருக்கு கேட்டதைக் குடு."

மனசுக்குள் சொன்னதாக நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவள் காதில் விழுந்துவிட்டது.

"என்ன அண்ணி, எனக்குச் சிபாரிசா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

வாசல்

வீடு வந்து சேர்ந்தபோது மகன் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவர் சக்கர நாற்காலியில் வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். தங்கச்சி வரட்டும் என்று காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாராம், உள்ளே தள்ளவிடவில்லையாம்.

முதலில் ருக்குவின் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். சிவந்து, விரலிடுக்கில் தோல் உரிந்து, தார் ஒட்டியிருந்தது. அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

நான் உள்ளே காலை வைக்கப் போனேன்.

"இரு" என்றார்.

மகன் தண்ணீர் கொண்டுவந்தான். அதைத் தள்ளிவிட்டார். விசிறியைத் திருப்பினான். அதுவும் இல்லை. இடது கையால் குளியலறைப் பக்கம் காட்டினார், பிறகு சமையலறைப் பக்கம் காட்டினார், பிறகு என் காலைக் காட்டினார். மகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ருக்குதான் வாளியில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் தூளைக் கரைத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேணாங்க. நீங்க போய் என் காலை..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் கேக்குறாருல்ல? நீட்டுங்க அண்ணி" என்றாள்.

ருக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிலைப்படிக்கு வெளியே நின்று ஒரு காலை நீட்டினேன். அவர் இடது கையால் குவளையை முக்கி எடுத்தார். அந்தக் கைக்கு அந்த வேலை புதிது. தூக்கும்போதே ஆடியது. பாதித் தண்ணீர் தரையிலும் அவர் மடியிலும் சிந்தியது. மீதி என் காலில் விழுந்தது.

இன்னொரு குவளை முக்கினார். நான் அடுத்த காலை நீட்டினேன்.